லியோ கேனர்: ஆட்டிசத்தை உலகுக்குச் சொன்ன டாக்டர்... அந்த 11 குழந்தைகளுக்கு என்ன ஆச்சு?

ஆட்டிசம் பற்றி எங்கே படித்தாலும் 1943 என்ற வருஷமும் லியோ கேனர் என்ற பெயரும் கண்ணில் படும். 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் இந்தக் குறைபாட்டைத் தனியாக அடையாளம் காட்டியது. அதே 11 பேரையும் 28 வருஷம் கழித்து அவர் மறுபடியும் தேடினார். அந்தத் தேடலில் தெரிய வந்தது, மனநல மருத்துவமனைகளுக்கு எதிரான பெரிய குற்றச்சாட்டாக மாறியது.

யார் இந்த லியோ கேனர்?

1894-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரி பேரரசில், இன்றைய உக்ரைன் பகுதியில் இருந்த ஒரு கிராமத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் டாக்டர் படிப்பு. 1924-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தெற்கு டகோட்டா மாநிலத்தில் யாங்டன் அரசு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். வந்தால் திரும்ப முடியாத இடங்களாக அரசு மனநல மருத்துவமனைகள் இருந்த காலம் அது.

1928-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு மாறினார். 1930-இல் அங்கே குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1935-இல் குழந்தை மனநல மருத்துவம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பாடநூலே எழுதிவிட்டார்.

காப்பகத்திலிருந்து வேலைக்காரிகள்

1937-இல் கேனர் வெளியிட்ட ஒரு தகவல் அமெரிக்கப் பத்திரிகைகளை அதிர வைத்தது. மேரிலாந்து மாநிலத்தில் ரோஸ்வுட் என்ற அரசுக் காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று சேர்க்கப்பட்டவர்களில் 166 பேர், 1911 முதல் 1933 வரை கோர்ட் உத்தரவு மூலம் வெளியே எடுக்கப்பட்டிருந்தார்கள். கேட்டால் விடுதலை மாதிரித்தான் தெரியும். ஆனா, பலர் போய்ச் சேர்ந்தது வசதியான வீடுகளுக்கு, மலிவான வேலைக்காரிகளாக. வேண்டாம் என்றால் தெருவில் விட்டுவிட்டார்கள். அவர்கள் கதி என்ன ஆனது என்று தேடிப் பதிவு செய்தது கேனரின் குழு.

டொனால்ட் வந்த கதை

மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் என்ற சிறுவனுக்கு அமெரிக்க அதிபர்களின் பெயர்கள் மனப்பாடம். எழுத்துகளை முன்னும் பின்னுமாகச் சொல்லுவான். ஆனா அம்மா, அப்பா வந்தாலும் போனாலும் அவனுக்கு ஒன்றுதான். டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு, 1937-இல் மூன்று வயதுப் பிள்ளையை ஒரு காப்பகத்தில் சேர்த்துட்டாங்க. மாதம் இரண்டு முறைதான் பார்க்க அனுமதி. அங்கே அவன் எதிலும் ஆர்வமில்லாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷம் கழித்து, காப்பக நிர்வாகி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், பெற்றோர் மகனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

பிறகு அப்பா 33 பக்கக் கடிதம் எழுதி, 1938 அக்டோபரில் மகனைக் கேனரிடம் அழைத்து வந்தார். 1943 கட்டுரையில் முதல் குழந்தை இந்த டொனால்ட்தான். இப்படிப்பட்ட குழந்தைகளை அதுவரை மனவளர்ச்சி குன்றியவர்கள் என்றோ மனச்சிதைவு நோயாளிகள் என்றோ முத்திரை குத்தி வந்தார்கள். சோவியத் டாக்டர் குருன்யா சுகரேவா 1925-லேயே இதே போன்ற குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தாலும், உலகம் கவனித்தது கேனரைத்தான்.

கொல்லலாமா என்ற விவாதம்

1942-இல் நியூயார்க் நரம்பியல் டாக்டர் ஃபோஸ்டர் கென்னடி, கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளைக் கருணைக்கொலை செய்யலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினார். அதே இதழில் அதை எதிர்த்து எழுதியவர் கேனர். அதே காலத்தில் நாஜிகள் இதைச் செய்தே காட்டிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் ஷ்பீகல்குருண்ட் என்ற மருத்துவமனையில் மட்டும் கிட்டத்தட்ட 800 குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

கேனர் மேல் உள்ள கறை

இவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. குழந்தைக்கு இது பிறவியிலேயே வருகிறது என்று 1943-இல் எழுதியவர், பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் சேர்த்து எழுதினார். 1940-களின் கடைசியில் அந்தப் பெற்றோரை ஃப்ரிட்ஜுக்கு ஒப்பிட்டார். அந்த ஒரு சொல் எத்தனையோ தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அம்மாதான் காரணம் என்றால், பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிப்பதுதான் சிகிச்சை! சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் நடத்திய உறைவிடப் பள்ளியில் அதுதான் நடந்தது. 1969-இல் வாஷிங்டனில் நடந்த ஆட்டிசம் பெற்றோர் சங்கக் கூட்டத்தில், பெற்றோர் மேல் குற்றமில்லை என்று கேனர் வெளிப்படையாக அறிவித்தார். ஆனா அதற்குள் 20 வருஷம் ஓடியிருந்தது.

28 வருஷம் கழித்து என்ன தெரிந்தது?

1971-இல் அந்த 11 பேரின் நிலை பற்றி கேனர் மறுபடியும் எழுதினார். வாழ்நாளின் பெரும்பகுதியை மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் கழித்த 4 பேர், உள்ளே போன கொஞ்ச காலத்திலேயே தங்களிடம் இருந்த திறமைகளை இழந்துவிட்டார்கள். ஞாபகசக்தி, சின்னச் சின்ன ஆர்வங்கள் எல்லாமே போயிடுச்சு. அரசு மருத்துவமனையில் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற முடிவுக்கு வந்தார் அவர்.

டொனால்ட்? 9 வயதில் ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர விட்டார்கள். எதையாவது அளந்துகொண்டே இருப்பான் என்பதால், கிணறு தோண்டச் சொல்லி ஆழத்தை அளக்க வைத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுவான் என்பதால், உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். அவன் பழக்கத்தைத் தடுக்காமல் வேலையாக மாற்றிட்டாங்க, அவ்வளவுதான். 1945-இல் நேரில் போய்ப் பார்த்த கேனர் அசந்துபோனார். டொனால்ட் பிறகு கல்லூரி முடித்து, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, உலகம் சுற்றினார். 2023-இல் 89 வயதில் காலமானார்.

அப்படின்னா, இடம்தான் எல்லாமா?

அப்படிச் சொல்ல முடியாது. 11 பேரை வைத்து எல்லாருக்கும் முடிவு கட்ட முடியாது. பாதிப்பு கடுமையாக இருந்ததால்தான் சிலர் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். டொனால்டின் குடும்பம் வசதியானது என்பதும் உண்மை. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைக்குச் சில நேரம் மருத்துவமனை தேவைப்படும். ஆனா, சிகிச்சைக்காகக் கொஞ்ச நாள் தங்குவது வேறு; கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத வார்டில் வயசு முழுக்கக் கிடப்பது வேறு. கேனர் கண்டது இரண்டாவதை.

1975-இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எல்லாருக்கும் அரசுப் பள்ளிக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் வந்தது. 6 வருஷம் கழித்து, 1981 ஏப்ரலில், 86 வயதில் கேனர் காலமானார். அவர் பட்டியலில் இருந்த குழந்தைகள் நடுத்தர வயதை எட்டியிருந்தார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கு உதவவில்லை. அவர்களுக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு உதவியது.