வீரமாமுனிவர் காட்டிய வழி

அயல் நாடு செல்வோர் பெட்டியில் எதை வைப்பது என்று பல நாள் யோசிக்கின்றனர். மனத்தில் எதைக் கொண்டு செல்வது என்று ஒரு நாழிகையேனும் யோசிப்பவர் சிலரே. செல்லும் தேசத்தின் சரித்திரம் யாது, அங்கே ஆள்வோர் யார், அம்மக்கள் எதைப் போற்றுவர், எதைப் பொறார், கடைவீதியில் ஒரு பொருளைக் கேட்டு வாங்க எத்தனை சொற்கள் வேண்டும் என்பவற்றை அறியாமல் கப்பலேறியவர் முற்காலத்தில் இருந்தனர். விமானமேறுவோர் இக்காலத்திலும் இருக்கின்றனர். பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை நாடிச் செல்லும் இளைஞர் பலர். அவர்களுக்கும், கடன் வாங்கியாவது அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும், ஒரு பெரியாரின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். அவர் பிறப்பால் அந்நியர். ஆயினும் அவர் நெடுநாள் தங்கி நூல்கள் இயற்றிய ஊர் அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்தின் வடபாலில் உள்ளது. ஊரின் பெயர் ஏலாக்குறிச்சி. அவர் திருக்காவலூர் என்று பாடிச் சிறப்பித்ததும் அதுவே. அவர்தாம் வீரமாமுனிவர்.

இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரத்தை அடுத்த காஸ்திக்லியோனே என்னும் ஊரில் 1680-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி அவர் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-ல் இயேசு சபையிற் சேர்ந்து, ராவென்னா, பொலோனியா முதலிய இடங்களில் தத்துவமும் வேத சாஸ்திரமும் பயின்று, 1709-ல் குருப்பட்டம் பெற்றார். மதுரை நாட்டில் ஊழியம் புரிந்து இத்தாலிக்குத் திரும்பியவர்கள் கூறிய செய்திகள் அவர் செவிக்கு எட்டின. தாமும் அந்நாடு செல்ல வேண்டுமென்ற வேட்கை அப்பொழுதே அவர் உள்ளத்தில் எழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கடலிற் குதித்தவர் அல்லர். அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1606-ல், அவர் தேசத்தவரான ராபர்ட் டி நோபிலி மதுரைக்கு வந்து, காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றிருந்தார். ஜான் டி பிரிட்டோ 1693-ல் மறவர் சீமையில் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்ட செய்தியும் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. இந்நாட்டில் இருந்த பாதிரிமார், அரசர் யார், பஞ்சம் எங்கே, வழி எது, உணவு எது என்றெல்லாம் எழுதியனுப்பிய கடிதங்கள் அங்கே ஆவலோடு படிக்கப்பட்டன. ஆகவே தாம் போகப்போகும் நாடு எத்தகையது, அங்கே முன் சென்றவர் எதனால் மதிப்புற்றனர், எதனால் உயிரிழந்தனர் என்பனவெல்லாம் புறப்படுமுன்னரே அறியக்கூடியனவாய் இருந்தன.

பாஷை விஷயத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். அக்காலத்தில் இந்தியாவுக்கு வரும் கத்தோலிக்கப் பாதிரிமார் போர்த்துகல் அரசரின் ஆதரவில், லிஸ்பன் நகரத்தில் கப்பலேறிக் கோவாவில் இறங்குவதே வழக்கம். நம் கடற்கரைத் துறைமுகங்களிலோ பல ஜாதி வணிகரும் தம்முட் பேசிக்கொள்ள வழங்கிய பொதுமொழி போர்த்துக்கீசியமே. இத்தாலியருக்கு அது தாய்மொழியன்று. எனினும் அதை அறியாதவருக்குக் கப்பலிலும் வழியில்லை, கரையிலும் வழியில்லை. போய்ச் சேரும் ஊரின் பாஷைக்கு முன், வழியிலுள்ள பாஷையைக் கற்க வேண்டும் என்பது பிரயாணத்தின் முதற் பாடம். பெஸ்கி லிஸ்பன் வழியாக வந்து 1710-ம் வருஷம் அக்டோபரில் கோவாவை அடைந்தார். 1711 ஜூனில் மதுரை வந்து சேர்ந்தார்.

படித்தும் கேட்டும் அறிந்தவற்றால் ஒருவன் ஒரு நாட்டின் வாயிற்படியை அடையலாம். உள்ளே நுழைவதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். இவ்வுண்மையை அவர் வந்தவுடனே உணர்ந்தார் என்பதை அவர் செய்கைகள் காட்டுகின்றன. திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய சீமைகளைச் சுற்றிப் பார்த்தார். தைரியநாதர் என்று தமிழ்ப் பெயர் பூண்டார். இந்நாட்டுத் துறவியர் போல் உடையும் உணவும் மாற்றிக்கொண்டார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முப்பது வயது கடந்த பின்னர், ஒரு சிறுவனைப் போல் அரிச்சுவடியிலிருந்து தொடங்க அவர் வெட்கப்படவில்லை.

உடையும் உணவும் மாற்றிக்கொள்வது அந்நாளில் எளிய காரியமாகவும் இருக்கவில்லை. இந்நாட்டு வழக்கங்களைப் பாதிரிமார் கைக்கொள்வது தகுமா என்ற வழக்கு ஐரோப்பாவில் மூண்டு எரிந்துகொண்டிருந்தது. ரோமாபுரியிலிருந்து வந்த பிரதிநிதியான தூர்னோன் என்பவர் 1704-ல் புதுச்சேரியில் அவ்வழக்கங்கள் பலவற்றைக் கண்டித்து உத்தரவு பிறப்பித்திருந்தார். இத்தகைய காலத்தில் வந்தவர் பெஸ்கி. தம் இனத்தார் சிலர் முகஞ்சுளிக்க, இங்குள்ளோரிற் சிலர் சந்தேகத்தோடு நோக்க, இரண்டிற்கும் நடுவே அவர் வாழ்ந்தார்.

நாட்டின் அரசியல் நிலையை அறிவது ஏட்டுக் கல்வியன்று, உயிர் காக்கும் கல்வி என்பதற்கும் அவர் வாழ்க்கையே சான்று. 1714, 1715-ம் வருஷங்களில் எழுந்த பெரும் எதிர்ப்பில் அவர் மரண தண்டனையினின்று மயிரிழையிற் தப்பினார். அப்பொழுது மதுரை நாயக்கர் அரசு தளர்ந்து வந்த காலம். தஞ்சையில் மராட்டிய மன்னர் ஆண்டனர். அவர்கள் சீமையில் கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. கொள்ளிடத்தைக் கடந்து வடகரைக்கு வந்தாலோ, அது அரியலூர் மழவராயரின் பாளையம். ஓர் ஆற்றின் இரு கரைகளில் இருவேறு ஆட்சி, இருவேறு நிலை! எல்லை எங்கே முடிகிறது, யாருடைய ஆணை எதுவரை செல்லும் என்பதை அறிந்தவனுக்கே அங்கே அடைக்கலம் உண்டு. ஏலாக்குறிச்சி அத்தகைய இடமாக அமைந்தது. அங்குள்ள கோயிலில் மாதாவுக்கு அடைக்கல அன்னை என்றே பெயர் வழங்குவது பொருத்தமே. அரியலூர் ரெங்கப்ப மழவராயரைப் பீடித்த ராஜபிளவையை முனிவர் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் அவ்வூரார் இன்றும் சொல்லிப் பெருமை கொள்கின்றனர்.

இனி, கற்றதை அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். தமது பயன் முடிந்ததென்று ஏட்டை மூடிவிடாமல், தம் பின் வருவோருக்கு வழி செய்து வைத்தார். இந்நாட்டில் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் தமிழ் வேறு, நூல்களிலுள்ள தமிழ் வேறு என்பதைக் கண்டு, பேச்சுத் தமிழுக்கு 1728-லும் செந்தமிழுக்கு 1730-லும் லத்தீன் பாஷையில் தனித்தனி இலக்கணம் எழுதி முடித்தார். புதிதாய் வரும் பாதிரி முதல் நாளே தண்ணீர் கேட்கவும் வழி கேட்கவும் முந்தியது உதவும். புலவர் சபையில் அமர்ந்து பேசப் பிந்தியது உதவும். இப்பகுப்பு அன்றைக்குப் புதுமை. இன்றும் அயல்மொழி கற்போர் மறக்கலாகாத உண்மை.

அவர் உதவி அந்நியரோடு நிற்கவுமில்லை. அந்நாளில் சொற்பொருள் அறிய விரும்பிய தமிழ் மாணாக்கன் நிகண்டுகளைச் செய்யுள் செய்யுளாய் நெட்டுருப் போட வேண்டியிருந்தது. அதற்கு மாறாக, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளில், அகர வரிசையில் சொற்களை அடுக்கிச் சதுரகராதியை 1732-ல் அவர் இயற்றினார். ஓலையெழுத்தில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி மயங்கியதைக் கண்டு, நெடிலுக்கு வேறு வடிவம் அமைத்தார். நம் குழந்தைகள் இன்று இரட்டைக் கொம்பு எழுதும்போது, அரியலூர்ச் சீமையில் வாழ்ந்த ஓர் இத்தாலியரின் திருத்தத்தையே எழுதுகின்றனர். ஐந்திலக்கணமும் அடங்கத் தொன்னூல் விளக்கம் செய்தார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை 1726-ல் பாடினார். திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்து, நம் நாட்டின் சிறந்த செல்வத்தை ஐரோப்பியர் கண்முன் வைத்தார்.

அவருடைய கொள்கை முழுவதையும் நாம் ஏற்கின்றோம் என்பது இதன் பொருளன்று. தம் மதத்தைப் பரப்பவே அவர் வந்தார். பிற மதங்களைக் கண்டித்தும் எழுதினார். தரங்கம்பாடியிலிருந்த லுத்தர் சபையாரோடு அவர் நடத்திய வாதங்கள் கடுமையானவை. ஆயினும் வியப்பைப் பாருங்கள்: அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணத்தை 1738-ல் முதன்முதல் அச்சிட்டவர் அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தாரே! எதிரியின் நூலாயினும் அதுவின்றிக் காரியம் நடவாது என்று அவர்கள் கண்டுகொண்டனர். 1812-ல் சென்னைக் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டு, கும்பினியின் இளம் உத்தியோகஸ்தர் இந்நாட்டுப் பாஷைகளைக் கற்கத் தொடங்கியபொழுதும் அவர் நூல்கள் பயன்பட்டன. சதுரகராதி 1824-ல் அக்கல்லூரியின் வாயிலாக அச்சேறிற்று. ஆள வந்தவரும் கற்றே ஆண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு தேசத்தை அறிந்தவன் அங்கே தொண்டும் செய்யலாம், ஆட்சியும் செய்யலாம். அறியாதவனோ அங்கே பிறர் ஏவலுக்கு ஆட்பட்டு நிற்பான். வேலைக்குச் செல்லும் நம் இளைஞருக்கு இப்பாடம் மிகவும் அவசியமானது.

அவர் எழுதிய பரமார்த்த குரு கதையை அறியாத தமிழர் இரார். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துச் சோதித்த சீடர்களும், ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டு மற்றவரை எண்ணி ஒருவன் குறைகிறான் என்று ஓலமிட்ட சீடர்களும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலை கொடுத்து வாங்கி வந்த சீடர்களும் நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். அவர்கள் எல்லாரும் வழிப்போக்கர் என்பதைக் கவனித்தோமா? செல்லும் வழியும் அறியார், ஆறும் அறியார், சந்தையும் அறியார். வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டினர். முட்டை கீழே விழுந்து உடைந்தபின், புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டியென்று துரத்தி இளைத்ததே அவர்கள் கண்ட பலன்.

இன்றும் குதிரை முட்டை விற்போர் இருக்கின்றனர். விசா என்றும், நல்ல சம்பளம் என்றும் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டுகின்றனர். நிலத்தையும் நகையையும் அடகு வைத்து அதை வாங்குகிறான் நம் இளைஞன். முகவர் அரசாங்கத்திற் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலையும் வாயால் சொன்ன வேலையும் ஒன்றா, சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, அந்நாட்டுச் சட்டம் எதைக் குற்றமென்கிறது, ஆபத்து வந்தால் இந்தியத் தூதரகம் எந்த ஊரில் எந்த வீதியில் உள்ளது என்பவற்றைக் கேட்பவர் எத்தனை பேர்? அங்குள்ள பாஷையில் எண்களையும், நோய், கூலி, உதவி என்பன போன்ற ஐம்பது சொற்களையும் ஒரு மாதத்தில் கற்க முடியாதா? அந்நாட்டின் சரித்திரத்தைச் சுருக்கமாகவேனும் படித்தால், அம்மக்களின் பண்டிகையும் நோன்பும் ஏன் என்று விளங்கும். விளங்கினால் மதிப்பு வரும். நாம் மதித்தால் அவர்களும் நம்மை மதிப்பர். அன்று ஆறு திங்கள், ஓராண்டு கடலிற் கிடந்து வந்தவர்களுக்குக் கடிதங்களே துணை. இன்று கையடக்கக் கருவியில் உலகம் முழுவதும் இருக்கிறது. ஆயினும் புறப்படும் நாள்வரை அதிற் சினிமா பார்ப்பவரே மிகுதி.

ஊராட்சிகளும் பள்ளிகளும் நூல்நிலையங்களும் இவ்விஷயத்தில் கருத்தூன்ற வேண்டும். வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்து ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றனர். அவர்களை அழைத்து, புறப்படும் இளைஞருக்கு மாதம் ஒரு மாலை பேசச் செய்தால் அதற்குச் செலவில்லை. தாம் பட்ட இன்னலையும் கற்ற பாடத்தையும் பின் வருவோருக்குச் சொல்லி வைப்பதே வீரமாமுனிவர் செய்த காரியம். அவர் லத்தீனில் எழுதினார், இவர்கள் திண்ணையில் சொன்னால் போதும்.

முனிவர் தாய்நாடு திரும்பவேயில்லை. 1747-ம் வருஷம் கேரள தேசத்து அம்பழக்காட்டில் அவர் ஆவி பிரிந்தது. 1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு கூடியபொழுது தமிழ்ப் பெரியார் பலருக்குக் கடற்கரையில் எழுப்பிய சிலைகளுள் அவர் சிலையும் ஒன்று. இத்தாலியில் பிறந்த ஒருவரை அவ்வரிசையில் நிறுத்தத் தமிழர் தயங்கவில்லை. ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குச் செல்வோர், அவர் இந்நாட்டிற்கு எப்படி வந்தார் என்பதையும், வந்தபின் எப்படிக் கற்றார் என்பதையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அப்பிள்ளைகளில் ஒருவன் நாளை விமானமேறக் கூடும்.