காய்ச்சலைத் தேடிப் போன மருத்துவர்

பத்துமலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மாமாவுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தபோது நான் படிவம் ஆறில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை என்று எல்லாம் நடந்தன. உறவினர்கள் புலனத்தில் அனுப்பிய செய்திகளில் இம்யூனோதெரபி என்ற சொல் ஓயாமல் வந்தது. நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோயின் மீது ஏவிவிடும் சிகிச்சை அது. அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் கோலி எனக்கு அறிமுகமானார். கிரிக்கெட் கோலி அல்ல, வில்லியம் கோலி.

1862இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் படித்துவிட்டு நியூயார்க்கில் அறுவை மருத்துவரானார். 1890இல் அவரிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் எலிசபெத் டேஷியல். கையில் ஏதோ சிறு அடி, வீக்கம் வடியவில்லை என்றுதான் வந்தாள். அது எலும்பைப் பற்றிய சார்கோமா. கோலி கையை வெட்டி எடுத்தார். அப்படியும் நோய் உடலெங்கும் பரவி, 1891 ஜனவரியில் அவள் இறந்துபோனாள். கோலிக்கு அப்போது வயது 29.

அறுவை மருத்துவர்களுக்கு நோயாளியின் மரணம் புதிதல்ல. ஆனால் கோலியால் அந்தப் பெண்ணை மறக்க முடியவில்லை. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் சார்கோமா நோயாளிகளின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அதில் ஒரு விசித்திரம் கிடைத்தது. ஸ்டைன் என்ற ஜெர்மன் குடியேறிக்குக் கழுத்தில் கட்டி. வெட்ட வெட்ட வளர்ந்தது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் அவருக்கு எரிசிப்பிலாஸ் தொற்றிக்கொண்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் தோல் சிவந்து வீங்கிக் கடும் காய்ச்சல் அடிக்கும் நோய் அது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்திருந்தது. பதிவேடு அத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கோலி பதிவேட்டை மூடி வைக்கவில்லை. குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழைப் பகுதி அடுக்குமாடிகளில் அந்த மனிதரைத் தேடிப் படியேறினார். நமக்குப் பத்துமலையில் 272 படிகள். அவர் எத்தனை ஏறினாரோ! கடைசியில் ஸ்டைன் கிடைத்தார். கழுத்தில் தழும்புடன், நோயின்றி நடமாடிக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டில் சோலா என்ற இத்தாலியருக்குக் கோலி உயிருள்ள பாக்டீரியாவையே ஊசியில் ஏற்றினார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. பல ஊசிகளுக்குப் பின் சோலாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது, கட்டி உருகியது, அவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் பின்னர் வந்த நோயாளிகளில் சிலர் அந்தத் தொற்றுக்கே பலியானார்கள். எனவே கோலி கொல்லப்பட்ட பாக்டீரியாவிலிருந்து ஒரு கலவை செய்தார். 1893இல் வயிற்றில் பெரிய கட்டியோடு வந்த ஒரு 16 வயதுப் பையனுக்கு அதைக் கொடுத்தார். பையன் பிழைத்து, 26 ஆண்டுகள் வாழ்ந்து, மாரடைப்பில் இறந்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உலகம் கோலிக்கு அநீதி செய்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவருடைய குறைகளும் சிறியவை அல்ல. கலவை தயாரித்த இடத்துக்கு இடம் வீரியம் மாறியது. ஊசியின் அளவும் போடும் இடமும் ஒரே சீராக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. ஏன் சிலருக்கு மட்டும் குணமாகிறது என்பதை அவரால் விளக்க முடியவில்லை. டி செல் என்ற ஒன்றை அன்று யாரும் அறியவும் இல்லை. அவர் வேலை செய்த மெமோரியல் மருத்துவமனையிலேயே ஜேம்ஸ் யூவிங் என்ற பெரிய நோயியல் வல்லுநர் அவரை எதிர்த்தார். கதிர்வீச்சு வந்தபின் மருத்துவ உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. கோலி 1936இல் காலமானார்.

அவருடைய மகள் ஹெலன் மருத்துவர் அல்லர். தந்தையின் தாள்களைப் புரட்டி, நோயாளி வாரியாக விவரம் திரட்டினார். 1953இல் புற்றுநோய் ஆய்வுக் கழகம் ஒன்றை நியூயார்க்கில் தொடங்கினார். புற்றுநோய்க்கு எதிரான நோய் எதிர்ப்புச் சக்தியின் தடைகளை விலக்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் நோபல் பரிசு பெற்றது 2018இல்.

மூளை மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. தோல் புற்றுநோயில் பலரைப் பிழைக்க வைத்த மருந்துகள் கிளியோபிளாஸ்டோமாவில் பெரும்பாலும் ஏமாற்றின. ஜப்பானில் மரபணு மாற்றிய ஹெர்பிஸ் வைரஸ் ஒன்றை மூளைக்கட்டிக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு 2021இல் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. கிருமியைக் கட்டிக்குள் செலுத்துவது, ஏறக்குறைய கோலி செய்ததுதான். ஆனால் கழுத்துக் கட்டி வீங்கினால் வெளியே இடமிருக்கிறது. மண்டையோட்டுக்குள் வீங்கினால் மூளைதான் நசுங்கும். அதனால்தான் மாமாவுக்கு வீக்கம் குறைக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதே மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும் என்பது, அவர் தவறிய பிறகு, கோலியைப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் எனக்குத் தெரிந்தது.