எதிர்த்திசையில் ஓடும் பந்தயம்

மார்ச் மாத முதல் ஞாயிறு. சுவீடனில் சேலன் என்ற ஊரில் 15,000-க்கும் அதிகமானோர் காலில் ஸ்கீ மாட்டிக்கிட்டு நிற்பாங்க. அங்கிருந்து மோரா வரைக்கும் 90 கிலோமீட்டர் பனியில் சறுக்கிப் போகணும். பந்தயத்தோட பேரு வாசாலோப்பெட். அந்தப் பேருக்குக் காரணமானவர் குஸ்தாவ் வாசா. ஆனா அவர் போனது மோராவிலிருந்து சேலனுக்கு. அப்போ பந்தயம் ஏன் தலைகீழா நடக்குது?

குஸ்தாவ் 1496-இல் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். 1518-இல் அவரைப் பணயக் கைதியா டென்மார்க்குக்குக் கொண்டு போனாங்க. அடுத்த வருஷமே தப்பிச்சார். 1520-இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியன் சுவீடனைப் பிடிச்சார். அந்த நவம்பரில் ஸ்டாக்ஹோமில் 80-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார். அதில் குஸ்தாவின் அப்பாவும் ஒருத்தர்.

அப்போ குஸ்தாவுக்கு வயசு 24. நம்மளை விட ரெண்டு மூணு வயசுதான் கூட. தலைமறைவா மோராவுக்குப் போய், டென்மார்க்கை எதிர்த்துப் போராட வாங்கன்னு விவசாயிகளைக் கேட்டார். அவங்க ஒத்துக்கல. வேற வழியில்லாம நார்வே எல்லையைப் பார்த்துக் கிளம்பிட்டார்.

அப்புறம்தான் ஊர்க்காரங்க மனசு மாறினாங்க. ஸ்கீயில் வேகமாப் போகிற ரெண்டு பேரை அனுப்பினாங்களாம். சேலன் பக்கத்தில் அவரைப் பிடிச்சாங்கன்னு வழிவழியா வந்த கதை சொல்லுது. குஸ்தாவ் திரும்பி வந்தார், படை திரட்டினார். 1523 ஜூன் 6 அன்று மன்னரானார். அந்த நாள்தான் இன்னைக்கு சுவீடனின் தேசிய தினம்.

கதை இங்கேயே முடிஞ்சா நல்லா இருந்திருக்கும். ஆனா போருக்கு லூபெக் நகரத்திடம் வாங்கின கடன் பாக்கி இருந்தது. அதை அடைக்க 1531-இல் ஒவ்வொரு தேவாலயத்திலிருந்தும் ஒரு மணி தரணும்னு உத்தரவு போட்டார். மோரா இருக்கிற டாலர்னா பகுதி மக்கள் எதிர்த்தாங்க. 1533-இல் படையோடு போய் அடக்கினார். கிளர்ச்சித் தலைவர்களுக்கு மரண தண்டனை. யாரோட தோளில் ஏறி மன்னரானாரோ, அவங்க மண்ணிலேயே இது நடந்தது. 1560-இல் இறக்கும் வரை அவர்தான் மன்னர்.

1922-இல் ஆண்டர்ஸ் பெர்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் இந்தப் பந்தய யோசனையைச் சொன்னார். முதல் வருஷம் கிளம்பினவங்க 119 பேர். ஜெயிச்ச எர்ன்ஸ்ட் ஆல்முக்கு ஏழரை மணி நேரம் ஆச்சு.

இப்போ திசையைக் கவனிங்க. குஸ்தாவ் தனியாத் தப்பி ஓடின திசை இல்ல இது. மக்கள் கூப்பிட்டு அவர் திரும்பி வந்த திசை. பந்தயத்துக்குப் பேர் மன்னரோடதுதான். ஆனா அவரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தது மோரா ஊர்க்காரங்க.