வணிகர் நாராயண பிள்ளை

ஈசூன் நிலையத்தில் தொடர்வண்டி ஏறினால் இடையில் மாறாமலே ராபிள்ஸ் பிளேஸ் சென்று சேரலாம். வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள் நிற்கும் அவ்விடம், 1858 வரை கமர்ஷியல் சதுக்கம் என்னும் பெயரால் வழங்கியது. கடனைத் தவிர வேறொன்றும் மிஞ்சாமல் நின்ற தமிழர் ஒருவர் மீண்டும் தலைநிமிர்ந்த இடம் அது. அவர் பெயர் நாராயண பிள்ளை.

பினாங்கில் வாழ்ந்த அவர், 1819 மே மாதம் ராபிள்ஸ் இரண்டாம் முறை இங்கு வந்தபோது, இண்டியானா என்னும் கப்பலில் உடன் வந்தார். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட இங்கு வருவதற்கு நெடுங்காலம் முற்பட்ட செய்தி இது. புதிய ஊரில் வீடு கட்ட விரும்பியோர் பலர். கட்டுமானப் பொருள்களோ அரிது. இதைக் கண்ட பிள்ளை, தஞ்சோங் பகார் பகுதியில் செங்கற்சூளை ஒன்றை அமைத்தார். பினாங்கிலிருந்த நண்பர்களுக்கு மடல் எழுதிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவரே என்பர். பின்னர் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை திறந்தார். அது ஊரிலேயே பெரிய கடையாக வளர்ந்தது. ஆனால், அங்கிருந்த சரக்கு ஆங்கில வணிகர்களிடம் கடனாக வாங்கியது.

1822 இல் அக்கடை தீக்கிரையாயிற்று. துணி எரிந்தது, கடன் எரியவில்லை! வேறொருவராயின் இரவோடிரவாகக் கப்பலேறி மறைந்திருக்கக்கூடும். பிள்ளையோ கடன் கொடுத்தவர்களிடம் நேரில் சென்று, திருப்பித் தரத் தவணை வேண்டினார். அவர்களும் இசைந்தனர். வேற்று நாட்டார், வேற்று மொழியார். இலாபம் நாடிக் கடல் கடந்து வந்தோர். அவர்கள் பிடித்த பிடியில் நின்றிருந்தால் பிள்ளையின் வாணிபம் அன்றே முடிந்திருக்கும். அடுத்து அவர் ராபிள்ஸை அணுகினார். கமர்ஷியல் சதுக்கத்தில் புதிய கிடங்கு கட்டிக்கொள்ள நிலம் கிடைத்தது. நூல்கள் ராபிள்ஸின் உதவியையே விரித்துரைக்கின்றன. அது பெரிய உதவிதான். எனினும், தம் பணத்தை இழக்க நேரலாம் என்று அறிந்தும் பொறுத்திருந்தார்களே, அவ்வணிகர்களின் பொறுமையையே நாம் அதனினும் பெரிதாகக் கருதுகிறோம்.

பிள்ளை உழைத்து மீண்டார். இழந்த செல்வத்தையும் செல்வாக்கையும் திரும்பப் பெற்றார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மக்களுக்குத் தலைவராகவும் விளங்கி, அவர்களுடைய வழக்குகளைத் தீர்த்துவைத்தார்.

அம்மக்களுக்கு ஒரு கோயில் தேவைப்பட்டது. தெலுக் ஆயரில் முதலில் ஒதுக்கிய நிலத்தில் பூசைக்கு ஏற்ற நன்னீர் இல்லை. வேறோர் இடமும் கைகூடவில்லை. முடிவில் 1823 இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827 இல் அங்கு மரத்தாலும் அத்தாப்பாலும் எளிய கோயில் ஒன்று எழுந்தது. ராபிள்ஸ் அதற்கு முந்திய ஆண்டே இங்கிலாந்தில் மறைந்துவிட்டார். இன்று நாம் தீமிதி காணச் செல்லும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் அதுவே. 1973 இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2019 இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலையின் அருகே பிள்ளைக்கும் ஒரு சிலையைச் சில காலம் நிறுத்தியிருந்தார்கள்.

அக்காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய தமிழருக்குத் தங்க வீடில்லை, அறிந்தவர் எவருமில்லை. அத்தகையோர் பலர் நேரே அக்கோயிலுக்குச் சென்றனர். வேலையும் உறைவிடமும் கிடைக்கும்வரை அங்கேயே தங்கினர்.