பலர் சேர்ந்து வளர்த்த குரல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

இசை பிறவியிலேயே வருவது என்பார்கள். குரல் பிறவியில் வரலாம். அந்தக் குரல் பாட்டாகி அரங்கேறுவதற்கு எத்தனை பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மரியன் ஆண்டர்சன் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அமெரிக்க நாட்டில் ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் தோன்றி உலகப் புகழ் பெற்ற பாடகி அவர். எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். ஆகவே அவர் கதை எனக்கு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

இளமைப் பருவம்

மரியன் 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தை சந்தையில் பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்று வந்தார். தாய் அன்னா திருமணத்திற்கு முன் வர்ஜீனியா மாநிலத்தில் ஆசிரியையாக இருந்தவர். ஆனால் அங்கே பெற்ற தகுதி பிலடெல்பியாவில் செல்லுபடியாகவில்லை. மூன்று பெண்களில் மூத்தவர் மரியன்.

ஆறு வயதில் தேவாலயத்தின் சிறுவர் பாடற்குழுவில் அவர் சேர்க்கப்பட்டார். நம் பள்ளிகளில் இறைவணக்கம் பாடும்போது எல்லோரும் ஒரே மெட்டில் பாடுகிறோம். மேலை நாட்டுச் சேர்ந்திசை அப்படியன்று. சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று குரல்களை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மெட்டு கொடுப்பார்கள். நான்கும் ஒரே நேரத்தில் ஒலித்து ஒன்றோடொன்று இசைந்து செல்ல வேண்டும். மரியன் தம் பகுதியை மட்டும் கற்றதோடு நிற்கவில்லை. நான்கு பகுதிகளையும் கற்றுக்கொண்டார். எவரேனும் வராத நாளில் அவருடைய பகுதியை இவர் பாடிவிடுவார்.

இதற்குக் குரல் இடம் கொடுக்க வேண்டுமல்லவா? அவர் குரல் கிட்டத்தட்ட மூன்று ஸ்தாயி வரை சென்றது. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரு மடங்காகிறது என்று எங்கள் ஒலியியல் பாடத்தில் படிக்கிறோம். அந்தக் கணக்கில், அவர் தொட்ட மிக உயர்ந்த சுரத்தின் அதிர்வெண் மிகத் தாழ்ந்த சுரத்தின் அதிர்வெண்ணைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. இயற்கை அளித்த கொடை அது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது பாடற்குழு.

பள்ளிக்கூடத்துப் பாடற்குழு

மரியனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, வேலை செய்யுமிடத்தில் தலையில் அடிபட்ட தந்தை சில காலத்திற்குள் இறந்துபோனார். குடும்பம் தாத்தா, பாட்டி வீட்டில் ஒண்டியது. முன்னாள் ஆசிரியையான அன்னா பிறர் துணிகளைத் துவைத்தார். பின்னர் ஒரு பெரிய கடையில் தரை துடைக்கும் வேலைக்குச் சென்றார். தொடக்கக் கல்வியை முடித்த மரியன் உடனே உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. தேவாலயங்களில் பாடிக் கிடைத்த சிறு தொகைகளைத் தாயிடம் கொடுத்து வந்தார்.

சில ஆண்டுகள் கழித்து வில்லியம் பென் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் எடுத்துக்கொண்டது வணிகப் பிரிவு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றால் விரைவில் வேலை கிடைக்கும் என்பதே காரணம். ஆனால் அவர் மனம் இசை வகுப்பில்தான் இருந்தது. பள்ளிப் பாடற்குழுவில் நின்று பாடினார். சில வேளைகளில் தனிப் பகுதியும் அவருக்குக் கிடைத்தது. ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டார். இப்பெண்ணைத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார வைப்பது தகாது, பொதுக் கல்வியும் இசையும் கொடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அதன்பின் மரியன் தென் பிலடெல்பியா உயர்நிலைப் பள்ளிக்கு மாறினார்.

இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். இதைப் படித்தால் உடனே வேலை கிடைக்குமா என்ற கேள்வியை எங்கள் வீட்டில் கேட்காத உறவினர் இல்லை. அவர்கள் கேட்பதில் தவறும் இல்லை. என் தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் கட்டணம் கட்டுகிறார். அவரைப் பார்த்துக்கொண்டே, விருப்பத்திற்காக ஒன்றைக் கற்கிறேன் என்று சொல்ல நா எழுவதில்லை. மரியனுக்கும் இதே தயக்கம் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். குழுவில் நின்று பாடிய பெண்ணின் குரலைத் தனியே கேட்கும் ஒரு செவி அன்று வாய்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

1921-ஆம் ஆண்டு அவர் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்தார். அப்போது அவருக்கு வயது 24!

கைகொடுத்தவர்கள்

இடையில் ஓர் இசைப்பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கச் சென்றார். வரிசையில் நின்ற மற்றவர்களை எல்லாம் கவனித்த பின், கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கதவு மூடியது. ஆனால் தலைமையாசிரியை லூசி வில்சன் போன்றோரின் முயற்சியால் கியுசெப்பே பொகெட்டி என்னும் இசையாசிரியர் முன் பாடும் வாய்ப்பு வந்தது. அவர் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். கட்டணத்திற்கு வழி? தேவாலயத்து மக்கள் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தி, சுமார் 600 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள்.

1924-இல் நியூயார்க்கில் நடந்த கச்சேரி தோல்வியடைந்தது. இருக்கைகள் பல காலியாக இருந்தன. பத்திரிகைகளும் குறை கூறின. மனமுடைந்து பாடுவதையே சில காலம் நிறுத்தினார். மீண்டும் எழுந்து, 1925-இல் சுமார் 300 பேர் கலந்துகொண்ட போட்டியில் முதலிடம் பெற்று, நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் பாடினார். பின்னர் ஐரோப்பா சென்றார். பின்லாந்தின் இசை மேதை சிபேலியஸ் அவரைப் பாராட்டினார். 1935-இல் சால்ஸ்பர்க் நகரில் கேட்ட டோஸ்கானினி, நூறாண்டுக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்கும் குரல் என்று வியந்தார்.

புகழும் பொருளும் ஓரளவு வந்ததும் அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, தாய் வேலை பார்த்த கடைக்குத் தொலைபேசியில் பேசி, அன்னா இனி வேலைக்கு வரமாட்டார் என்று அறிவித்ததுதான். தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

லிங்கன் நினைவு மண்டபம்

1939-இல் வாஷிங்டன் நகரின் கான்ஸ்டிடியூஷன் அரங்கில் அவர் பாட ஏற்பாடாயிற்று. அரங்கிற்கு உரிமையுடைய மகளிர் சங்கம் இடம் தர மறுத்தது. வெள்ளையர் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியின் மண்டபமும் எளிதில் கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அச்சங்கத்திலிருந்து விலகினார். இறுதியில் ஏப்ரல் 9-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று மரியன் பாடினார். வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக ஏறத்தாழ 75,000 பேர் திறந்தவெளியில் கூடினர். வானொலி வாயிலாகக் கேட்டவர்களோ பல இலட்சம்.

முதலில் அவர் பாடியது அமெரிக்க நாட்டு வாழ்த்துப் பாடல்களுள் ஒன்று. அதில் தன்மை ஒருமையில் அமைந்த ஒரு சொல்லைத் தன்மைப் பன்மையாக மாற்றிப் பாடினார். மேடைக்கு வெளியிலும் தம்மைப் பற்றிப் பேசும்போது ஒருமையைத் தவிர்த்துப் பன்மையிலேயே பேசுவது அவர் வழக்கம். எதையும் ஒருவர் தனியே செய்துவிடுவதில்லை என்பது அதற்கு அவர் தந்த விளக்கம். நான்கு பகுதிகளையும் கற்ற பாடற்குழுச் சிறுமி, 42 வயதில் 75,000 பேர் முன் நின்றபோதும் குழுவைவிட்டு விலகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிற்காலம்

1941-இல் பரிசாகக் கிடைத்த 10,000 டாலரை இளம் பாடகர்களுக்கு உதவும் நிதியாக்கினார். முன்பு மறுக்கப்பட்ட அதே கான்ஸ்டிடியூஷன் அரங்கில் 1943-இல் பாடினார். 1955 ஜனவரி 7-ஆம் நாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் இசைநாடக அரங்கில் பாத்திரமேற்றுப் பாடி, அம்மேடையேறிய முதல் கறுப்பினப் பாடகியானார். 1957-இல் ஆசியப் பயணத்தின்போது நம் நாட்டிற்கும் வந்து, டில்லியில் காந்தியடிகளின் நினைவைப் போற்றிப் பாடினார். 1965-இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1993 ஏப்ரல் 8-ஆம் நாள் தமது 96-ஆம் வயதில் மறைந்தார்.

நம்மில் பலர் அவரவர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். பட்டச் சான்றிதழில் ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு. அதில் அச்சேறாத பெயர்கள் எத்தனை என்பது நமக்குத்தான் தெரியும். அவற்றை மறவாமல் இருப்பதும், நமக்குப் பின்னால் வருபவர்களில் ஒருவருக்கேனும் கை கொடுப்பதுமே மரியன் அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.