கிருமியைக் கொல்லும் கிருமி

பெலிக்ஸ் டெரல் முறையாக மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. 1873-ம் ஆண்டு பாரிசில் பிறந்தவர். கிருமி இயலைத் தாமே படித்துக் கற்றார். கவுதமாலா, மெக்சிகோ என்று ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, 1911-ல் பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். முதலில் சம்பளம் கிடையாது!

முதல் உலகப் போர் நடந்த 1915-ம் ஆண்டு. பாரிஸ் அருகே ராணுவ வீரர்களுக்குச் சீதபேதி கண்டது. ஒரு நோயாளியின் மலத்தைத் தினமும் கரைத்து, கிருமி நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார் டெரல். அந்த நீரில் சில சொட்டுகளைச் சீதபேதிக் கிருமி வளரும் குழாயில் விட்டார். பல நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால், கலங்கலாக இருந்த குழாய் தெளிந்து நின்றது. கிருமிகள் மாயம். ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே நோயாளியும் தேறியிருந்தார்.

கிருமிக்குள் புகுந்து பெருகி, அதை வெடிக்கச் செய்யும் வைரஸ் அது. பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்து 1917-ல் அறிவித்தார். 1915-லேயே இங்கிலாந்தின் டுவார்ட் இதைப் பார்த்து எழுதியிருந்தார். யார் முதல் என்ற சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை.

1919-ல் பேஜ் மருந்தை முதலில் தாமே குடித்துப் பார்த்தார். பிறகே சீதபேதி கண்ட ஒரு சிறுவனுக்குக் கொடுத்தார். பையன் பிழைத்தான்.

1927-ல் இந்தியாவுக்கு வந்தார். பஞ்சாப் கிராமங்களில் காலரா நோயாளிகளுக்குப் பேஜ் கொடுத்தார், கிணறுகளிலும் ஊற்றினார். நோய் அடங்கியது என்று கணக்குக் காட்டினார். ஆனால் அடக்கியது பேஜ்தானா என்ற சந்தேகம் மற்றவர்களுக்குத் தீரவில்லை.

குழாயில் நீந்தும் கிருமி வேறு, வெளியே வாழும் கிருமி வேறு என்பது அவர் காலத்துக்குப் பிறகே தெளிவானது. தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தைத் தொட்டால் வழுக்குகிறதே, அதில் கிருமிகள் கூட்டமாகக் கோழைப் படலம் கட்டி வாழ்கின்றன. பல்லில் படியும் அழுக்கும் அப்படித்தான். காலராக் கிருமியும் நீரில் மிதக்கும் சிறு பூச்சிகளின் மேல் இப்படி ஒட்டிக்கொள்ளும். பல பேஜ்கள் அந்தக் கோழையில் சிக்கி நின்றுவிடும். சில பேஜ்களின் வாலில் மட்டும் கோழையை அறுக்கும் என்சைம் உண்டு. அவை வழி வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அடியில் வளராமல் சோம்பிக் கிடக்கும் கிருமிகளில் பெரும்பாலான பேஜ்களால் சரியாகப் பெருக முடிவதில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகளும் இந்தப் படலத்தில் திணறுவதால், இப்போது ஆராய்ச்சியாளர்கள் பேஜைத் தேடி வந்திருக்கிறார்கள்.

டெரலின் நண்பர் எலியாவா, சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார். 1930-களில் டெரலும் அங்கே சென்று வேலை செய்தார். 1937-ல் எலியாவாவை ஸ்டாலின் அரசு சுட்டுக் கொன்றது. பாரிசில் இருந்த டெரல் திரும்பிப் போகவே இல்லை.

நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போயும் கிடைக்கவில்லை. பென்சிலின் வந்ததும் மேல்நாட்டு டாக்டர்கள் பேஜை மறந்தார்கள். 1949-ல் பாரிசில் டெரல் காலமானார். ஆனால் திபிலிசி நிலையம், எலியாவாவின் பெயரோடு, இன்றும் பேஜ் மருந்து தயாரிக்கிறது.