பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் அன்றே எச்சரித்தது என்ன?

விரல் ஓரத்தில் வரும் நகச்சுற்றை இன்று யாரும் பெரிசா நினைப்பதில்லை. ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பு, கையில் பட்ட சின்னக் கீறல்கூட சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்து உயிரைப் பறித்துவிடும். இப்படிச் சீழ் வைக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்டாஃபிலோகாக்கஸ். நம் தோலிலும் மூக்கிலுமே குடியிருக்கும் பாக்டீரியா இது. இதை அடக்கும் மருந்துக்கு வழிகாட்டியவர்தான் அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

யார் இவர்?

1881-ல் ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர், உறவினர் விட்டுச்சென்ற பணம் கிடைத்ததும் மருத்துவம் படிக்கப் போனார். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பிரான்சில் பணியாற்றினார். குண்டுக்குத் தப்பிய வீரர்கள், காயத்தில் சீழ் பிடித்து செத்துப்போனதைக் கண்ணெதிரே பார்த்தார்.

தட்டில் வளர்ந்த பூஞ்சை

1928 செப்டம்பரில் லீவு முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பினார். ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியாக்கள் அழிந்திருந்தன. பூஞ்சை சுரந்த அந்தப் பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயர் வைத்தார். அதை மருந்தாக மாற்றிக் காட்டியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் குழு. 1945-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மேடையில் சொன்ன கதை

நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார் ஃபிளெமிங். தொண்டை வலி வந்த ஒருவர், தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அதே கிருமி அவர் மனைவிக்கும் தொற்றுகிறது. இப்போது பெனிசிலின் வேலை செய்யவில்லை. மனைவி இறந்துபோகிறார்.

கதை சீக்கிரமே நிஜமானது. 1940-களின் இறுதியிலேயே, பெனிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் லண்டன் மருத்துவமனைகளில் பரவியது. 1955-ல் ஃபிளெமிங் காலமானார். பெனிசிலினுக்கு அடங்காத கிருமிக்காகவே வந்த மெத்திசிலினையும் அது 1961-க்குள் எதிர்க்கத் தொடங்கிவிட்டது. அந்த வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. இன்று கையில் வரும் சீழ்க்கட்டிகளில் டாக்டர்கள் தேடும் கிருமிகளில் இதுவும் ஒன்று.

மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் ரெண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரைதான், ஃபிளெமிங் சொன்ன கதையின் முதல் காட்சி.